ஒரே பெயரில் நடந்த மூன்று பேர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவதோடு நின்றவள். மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதியதற்கு மேல் பேனா பிடித்ததில்லை. வாக்கியம் கோணலாகப் போகும், நடந்ததில் கொஞ்சம் மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கொழுந்தனாரைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள் என்ற எண்ணத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. மனைவியும் கல்யாணமான கொஞ்ச வருஷத்திலேயே இறந்துபோய்விட்டாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்துகொண்டு, எங்கள் வீட்டுச் சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டு, நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் பெயின்ட் அடித்துக்கொண்டு வாழ்ந்தவர்.

அவரை நினைத்தால் முதலில் என் கண்ணில் வருவது, அவர் எங்கள் கூடத்து அலமாரி முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, புதிதாக வந்த ஒரு சின்னப் பெட்டியை முறைத்துப் பார்த்த காட்சிதான். பெட்டி உள்ளங்கை அகலம் இருக்கும். பச்சையாக ஒரு புள்ளி வெளிச்சம் எரியும். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருந்த என் மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து அதை மாட்டினாள். எல்லாம் அவள் அப்பாவுக்காக. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சடைப்பு வந்து, நெஞ்சில் சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். சமதளத்தில் தினமும் மெதுவாக நடக்க வேண்டும், தூர நடையும் மலை ஏறுவதும் கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நடக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள மகள் ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தாள். நாடித் துடிப்பும் நடந்த தூரமும் அதில் ஏறுமாம்.

அவர் கையை நீட்டவே மாட்டேன் என்றுவிட்டார். லாரி ஓட்டி, பிறகு லாரி ஆபீசில் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்து டிரைவர்களைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

"லோடு வண்டிக்கு ஜிபிஎஸ் மாட்டற மாதிரி எனக்கு மாட்டறயா? நாளைக்கு எவனோ ஒருத்தன் எங்கியோ உக்காந்துக்கிட்டு, பெருசு டீக்கடையில நிக்குதுன்னு பாப்பானா?"

"அதுக்குத்தான் இந்தப் பெட்டிங்ப்பா" என்றாள் மகள். "கம்பெனிக்காரன் சொல்றபடி விட்டா உங்க நடை, நாடி எல்லாம் அவனூட்டுக்குப் போயிரும். இது நம்மூட்டுலயே இருக்கும். நாம தொறந்து காட்டுனாத்தான் அடுத்தவங்க பாக்க முடியும்."

இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் பாதி இறங்கி வந்தார். கொழுந்தனார்தான் விடவில்லை. பெட்டி என்ன விலை, கடிகாரம் என்ன விலை என்று வரிசையாக விசாரித்துவிட்டு, "உள்ள ஓடுற புரோகிராமு என்ன வெலை சாமி?" என்றார்.

"அது சும்மா சித்தப்பா. யார் யாரோ எங்கெங்கியோ இருக்கறவங்க சேந்து எழுதி எல்லாத்துக்கும் குடுத்துட்டாங்க."

"சும்மா குடுக்கறவன் எதையாவது புடுங்கத்தான் குடுப்பான்."

"கோடையில தண்ணிப்பந்தல் வெக்கறாங்களே, அவங்க என்னத்தப் புடுங்கறாங்க?"

கொழுந்தனார் யோசித்தார். "தண்ணிப்பந்தல்லயும் ஒரு கட்சிக்காரன் படம் தொங்குமே. இதுல ஆரு படத்தையும் காணமே?"

மகள் சிரித்துவிட்டாள். "படமும் இல்ல. பானைக்குள்ள என்ன ஊத்தியிருக்குதுன்னு ஆரு வேணாலும் மூடியத் தொறந்து பாத்துக்கலாம். அதுதான் இதுல விசேசம்."

"அப்ப சரி. அண்ணா, கைய நீட்டு" என்றார் கொழுந்தனார். அவர் சொன்ன பிறகுதான் அவர் அண்ணன் கையை நீட்டினார். எங்கள் வீட்டில் நான் சொல்லியும் மகள் சொல்லியும் நடக்காத காரியங்கள் அவர் ஒரு வார்த்தை சொன்னால் நடந்துவிடும். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. யார் சொல்லியாவது நடந்தால் போதும் என்று இருப்பேன்.

அதன் பிறகு சாயங்காலமானால் இரண்டு பேருக்கும் அதுதான் வேலை. கம்ப்யூட்டரைத் திறந்தால் எங்கள் ஊர்த் தெருக்கள் தெரியும், அதன்மேல் அன்றைக்கு நடந்த வழி சிவப்புக் கோடாக ஓடியிருக்கும். கொழுந்தனார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கோட்டின்மேல் விரலை வைத்துப் போவார். கோடு ஒரு இடத்தில் கசங்கி முடிச்சுப் போட்டது போல இருந்தால், "இதென்னண்ணா, பஜ்ஜிக் கடை முன்னால இத்தன நேரம்? நங்கையா, இங்க வந்து பாருங்க, ஆளு மாட்டிக்கிட்டான்" என்று கத்துவார். நங்கையா என்றது என்னைத்தான். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை அப்படிக் கூப்பிடுவது வழக்கம். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன். எதையும் முன்னால் வந்து நின்று பார்த்துப் பழக்கமில்லை எனக்கு.

தை மாதம் நெருங்கியபோதுதான் பிரச்சினை வந்தது. அண்ணனும் தம்பியும் மீசை முளைத்த நாளிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள். உயிர் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் நடந்து வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் முருகனிடம் வேண்டியிருந்தார். லாரி எந்த மாநிலத்தில் நின்றாலும் தைக்கு ஊர் வந்து சேர்ந்துவிடுவார். அந்த வருஷம் டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டதால் வாயைத் திறக்காமல் இருந்தார். எதற்கும் சத்தம் போடுகிறவர் சத்தம் போடாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் துணி மடித்து வைக்கும்போது, அவருடைய பச்சை வேட்டி துவைத்துக் காயவைத்து, துண்டுக்குள் சுருட்டி பீரோவின் அடியில் இருந்ததைப் பார்த்தேன். யாருக்கும் சொல்லாமல் கிளம்பிவிடப் போகிறார் என்று புரிந்துவிட்டது. அவரிடம் கேட்கத் தைரியமில்லை. பின்னால் போய்க் கொழுந்தனாரிடம் சொன்னேன்.

அவர் உடனே வந்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைக் கழற்றினார்.

"என்னடா பண்ற?"

"இதை நான் கட்டிக்கிட்டுப் போறேன். ஒவ்வொரு அடியும் உன்ற பேர்லதானே பெட்டியில ஏறுது? என்ற கால், உன்ற கணக்கு. முருகன் பெட்டியத் தொறந்து பாத்தா உம்பேருதான் இருக்கும்."

"முருகனையே ஏமாத்தறயாடா?"

"ஏமாத்தறனா? நான் எம்பேருல நடக்கலீன்னு சொல்லீட்டுத்தான நடக்கறேன். பக்கத்தூட்டுல ஒருத்தரு மொட்டை வேண்டிக்கிட்டு, பையனுக்குப் போடலியா?"

அந்த நியாயம் எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ தெரியாது. என் வீட்டுக்காரர் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு அவரே வாரை இழுத்து மாட்டிவிட்டார். "வெசையாப் போகாத. என்ற நடை நடந்து போ" என்று மட்டும் சொன்னார்.

ஊர்க்காரர்களோடு கொழுந்தனார் கிளம்பினார். அவருடைய போனிலிருந்து அவர் போகும் வழியும் நாடியும் எங்கள் வீட்டுப் பெட்டிக்கு வந்துகொண்டே இருக்கும்படி மகள் செய்து கொடுத்திருந்தாள். அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் இருந்த இருப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பச்சை வேட்டி கட்டிக்கொண்டார். செருப்புப் போடவில்லை. தரையில்தான் படுத்தார். கோடு நகர்ந்துகொண்டிருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கோடு எங்காவது நின்றால், "தம்பி உக்காந்துட்டான், சோத்தப் போடு" என்பார். கரூருக்கு முந்தின வேலூர்க் காவிரிப் பாலத்தின்மேல் கோடு ஏறியபோது எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் சொன்ன நேரத்துக்கு மட்டும் வெறுங்காலோடு தெருவில் நடந்துவிட்டு வந்து, மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மகளும் லீவு போட்டுவிட்டு வந்து, "அப்பா இங்கிருந்தே பழனி போயிருவாரு போல" என்று கேலி செய்துகொண்டிருந்தாள்.

கரூரைத் தாண்டிய மறுநாள் காலையில் அவர் கேலிக்குப் பதில் சொல்லவில்லை. கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அவன் நடை இல்ல."

"யாரோடயாவது பேசிக்கிட்டு நின்னிருப்பாருங்ப்பா" என்றாள் மகள்.

"பேசறவன் ஒரு எடத்துல நிப்பான். இவன் நாலடி போறான், நிக்கறான், நாலடி போறான், நிக்கறான். ஏத்தத்துல லோடு இழுக்க முடியாத வண்டிதான் இப்படித் தெரியும். இத்தன வருசம் இதத்தான பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

மகள் நாடித் துடிப்பு இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். நிற்கும்போதும் துடிப்பு இறங்கவே இல்லை என்றாள். போன் போட்டோம். கொழுந்தனார் எடுத்தார். குரலில் அதே சிரிப்பு.

"கால்ல கொப்புளமுங்க நங்கையா. வேறொண்ணுமில்லீங்."

"நெசமாச் சொல்லுங்க."

"நெசம்தானுங். அண்ணன் நடையில போகச் சொன்னான், அதான் பைய..." என்று ஆரம்பித்தவர் அந்தச் சின்ன வாக்கியத்தை முடிக்க மூச்சு வாங்கினார்.

என் வீட்டுக்காரர் போனை என் கையிலிருந்து வாங்கி, "டேய், அங்கியே உக்காரு. ஒரு அடி எடுத்து வெக்காத. வாரேன்" என்றார்.

வாடகைக் கார் ஒன்று பிடித்துக்கொண்டு மூன்று பேரும் போனோம். அரவக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் என்று நினைவு. ரோடு நெடுக நடக்கிறவர்கள் கூட்டம், எல்லார் மேலும் பச்சையும் காவியும். அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியமில்லை. மகள் போனில் எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று டிரைவருக்கு வழி சொன்னாள். ஒரு புளியமரத்தடியில் வேரின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்களை, "நீங்க போங்க, கொஞ்சம் இருந்துட்டு வாரேன்" என்று அனுப்பிவிட்டாராம். சட்டை முழுக்க வேர்வை. எங்களைப் பார்த்ததும், "எம்பட கணக்கு தப்பிப் போச்சண்ணா" என்றார். என் வீட்டுக்காரர் தம்பியை இரண்டு கையாலும் தூக்கப் போனார். பாரம் தூக்கக் கூடாதவர். டிரைவரும் மகளும் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

கரூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அண்ணனுக்கு வந்ததுதான் தம்பிக்கும். இன்னும் நடந்திருந்தால் நாங்கள் உயிரோடு பார்த்திருக்க மாட்டோம் என்று டாக்டர் மகளிடம் சொன்னாராம். குழாய் வைத்து, அபாயம் தாண்டி, மறுநாள் எங்களை உள்ளே விட்டார்கள். கொழுந்தனார் கண்ணைத் திறந்தவுடன் கேட்டது கடிகாரத்தைத்தான். அதைக் கழற்றாமலே காரில் ஏற்றி வந்துவிட்டோம், ஆஸ்பத்திரி வந்துதான் கழற்றினார்கள். அதனால் காரில் வந்த தூரத்தையும் பெட்டி ஓடியதாகவே எழுதி வைத்திருந்தது. மகள் காட்டியதும், "அட, உங்கப்பன் இந்த வயசுல காருக்குச் சமமா ஓடியிருக்கானே சாமி!" என்று சிரித்தார். சிரித்தால் வலிக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அண்ணன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கொஞ்சநேரம் கழித்துக் கொழுந்தனார் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, புளியமரத்தோட நின்னு போச்சு. மீதி தூரம் இருக்குதே" என்றார்.

"அதுக்கு இப்ப என்ன? நீ உசுரோட இருக்கறதே போதும்."

சொன்னாரே தவிர, அவர் முகத்தில் அது இல்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். தம்பி தன் பெயரில் நடந்து விழுந்துவிட்டான், வேண்டுதலும் நடுவழியில் நிற்கிறது என்ற இரண்டு பாரமும் அதில் இருந்தன. தம்பி வீடு வந்து சேர்ந்ததும் யாருக்கும் தெரியாமல் அந்தப் புளியமரத்துக்கு வந்து மீதியை நடந்துவிடுவார். பச்சை வேட்டி வேறு கட்டியே இருந்தார்.

அப்போது நான் கையை நீட்டினேன். எப்படி வந்தது அந்தத் தைரியம் என்று இன்றுவரை தெரியவில்லை. தெருமுனைக் கடைக்குக்கூட யாராவது கூட வந்தால்தான் போகிறவள் நான். "எனக்குக் கட்டி உடுங்க" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கொழுந்தனார்தான் முதலில் பேசினார். "நங்கையா, உங்க நெஞ்சுல குழாய் இல்லியே?"

"இல்லீங் கொழுந்தனாரே. இந்த ஊட்டுல எனக்கு மட்டுந்தான் இல்ல."

என் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கொழுந்தனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். மகள், "நானும் அம்மாகூடப் போறேன்" என்று கடிகாரத்தைத் தன் போனோடு சேர்த்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் கிட்டே வந்தார். என் கையைப் பிடித்து வாரை மாட்டினார். தம்பிக்கு மாட்டிய ஓட்டை எனக்குப் பெரிதாக இருந்தது. கடைசி ஓட்டைக்கு இழுத்து மாட்டினார். புளியமரத்தடியிலிருந்துதான் கிளம்ப வேண்டும், ஒரு அடி விட்டுப்போகக் கூடாது என்று மகளிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

கார் எங்களை அந்த மரத்தடியில் இறக்கிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். தம்மம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு கூட்டத்துக்குப் பின்னால் சேர்ந்து நடந்தோம். கிளம்பிய கொஞ்சநேரத்திலேயே உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு யாரும் பார்க்கவில்லை, அவரவர் காலை அவரவர் பார்த்துக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்தது. அது தெரிந்ததும் எனக்கு ஒரு பெரிய சுமையை இறக்கியது போல இருந்தது. பிள்ளை வயது ஆட்கள் மோர் கொடுத்து, "குடிங்க சாமி" என்றார்கள். நானும் அவர்களை சாமி என்றேன். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. மகள் சொன்ன தண்ணீர்ப்பந்தல் கதை அப்போதுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணனும் தம்பியும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து போனில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நான் உட்கார்ந்தால் உடனே போன் வரும். "ஏனுங் நங்கையா, ஒட்டன்சத்திரத்துல என்ன, பஜ்ஜிக் கடையா?" கொழுந்தனார் சாப்பாடு நேரத்தில் என்னைச் சாப்பிடச் சொல்வார். கோடு நகர்ந்தால் அங்கே நர்ஸம்மாவிடம், "எங்க நங்கையா கெளம்பிட்டாங்க" என்று அறிவிப்பாராம். அவரை வீட்டுக்கு அனுப்புவதற்குள் அந்த வார்டு முழுக்க என்னைத் தெரிந்துவிட்டது. நான் ஒருத்தரையும் பார்த்ததில்லை.

பழனியில் படி ஏறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். மகள் கையைக் கொடுத்தாள். சந்நிதியில் நின்றபோது என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. கையைத் தூக்கிக் கடிகாரத்தை முருகனுக்குக் காட்டினேன். பின்னால் வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள், வெளியே வந்துவிட்டேன். அவ்வளவுதான் என் தரிசனம்.

அதன் பிறகு என் வீட்டுக்காரரைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனபோது, மகள் பெட்டியில் இருந்ததைக் காட்டியதும் டாக்டர் எழுந்தே விட்டார். "உங்களை யாருங்க இவ்வளவு தூரம் நடக்கச் சொன்னது? மலை வேற ஏறியிருக்கீங்க!" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "வேண்டுதலுங்க" என்றார். நானும் மகளும் வாயில் சேலையையும் துப்பட்டாவையும் வைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டோம்.

கொழுந்தனார் அதற்கப்புறம் சில வருஷம் நன்றாகவே இருந்தார். தையில் மட்டும் நானும் மகளும் கிளம்புவோம், அண்ணனும் தம்பியும் கூடத்தில் பச்சை வேட்டியோடு உட்கார்ந்துகொண்டு எங்களை விரட்டுவார்கள். போன ஆடியில் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனவர், எழுந்திருக்கவில்லை.

இப்போது பழைய பெட்டி தேய்ந்துவிட்டது என்று மகள் புதிதாக ஒன்று கொண்டுவந்திருக்கிறாள். பழையதில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றும்போது என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, அந்தப் பழனி நாளுக மட்டும் அப்பா பேர்ல தப்பா இருக்குது. மொதல்ல சித்தப்பா நாடி, அப்பறம் கார், அப்பறம் உங்க நாடி. அப்பாவோட கணக்கையே அது கெடுக்குது. எடுத்துரட்டுமா? எடுத்துட்டா வேற எங்கயும் இருக்காது. கேட்டு வாங்கறதுக்கு எந்தக் கம்பெனியும் இல்ல." என் வீட்டுக்காரர் கூடத்தில்தான் இருந்தார். அவர் என்னைப் பார்த்தார். கொழுந்தனார் இல்லாத வீட்டில் இனி யார் சொல்வது என்று பார்த்தாரோ என்னவோ. "அப்பிடியே இருக்கட்டும் சாமி" என்று நான்தான் சொன்னேன். மகள் அப்படியே மாற்றி வைத்துவிட்டாள்.

நான் எழுதியதில் ஊர்கள் முன்பின்னாக வந்திருக்கலாம். ஒட்டன்சத்திரம் என்று நான் சொன்ன இடம் வேறு ஊராகவும் இருக்கலாம். அந்த ரோட்டில் நடந்து பழகியவர்கள் யாராவது படித்துப் பார்த்துத் தவறு இருந்தால் திருத்திவிடுங்கள். நடந்த ஆள் மாறியிருப்பதை மட்டும் திருத்த வேண்டாம்.